லேத் முன்னால் நிற்கும் புதுப் பையனுக்குக் குறிப்பு எழுதுவது எப்படி

கோவை கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில், எண் கட்டளைப்படி தானாக உலோகத்தைக் கடையும் சி.என்.சி. லேத்தின் புரோகிராமராக இருந்தபோது, புதிதாக வரும் பையன்களுக்கென்று 14 பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன். ஐடிஐ முடித்து டர்னர் சான்றிதழோடு வருகிறவர்கள் அவர்கள். சாதா லேத்தில் கை பழகியிருக்கும், மெஷினுக்குக் கட்டளை கொடுக்கும் ஜி-கோடு பழகியிருக்காது. என் குறிப்பைப் பார்த்துத்தான் முதல் புரோகிராமை அடிப்பார்கள். மூன்று வருடம் எந்தப் பிரச்சினையும் வரவில்லை. அப்புறம் ஒரு நாள் காலை ஷிப்ட்டில், வேலைக்கு வந்து நான்கு நாளே ஆன ஒரு பையன் குறிப்பில் இருந்தபடியே அடித்து, சைக்கிள் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினான். டூல் நேராகப் போய் ஜாபின், அதாவது கடைய வேண்டிய துண்டின், முகத்தில் முட்டியது. டூலின் வெட்டுமுனையான இன்செர்ட் தூளாகிவிட்டது. டூல் ஹோல்டரின் முனையும் போனது. வெட்டாமல் விரைந்து நகரும் ரேப்பிட் வேகத்தை 25 சதவீதத்தில் வைத்திருந்ததால் சேதம் அதோடு நின்றது.

பையன் அழுதுவிட்டான். "குறிப்புல இருக்கறதத்தானுங்க அக்கா அடிச்சேன்" என்றான். தாளை வாங்கிப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. நான் எழுதியிருந்தது 'ஜி00 எக்ஸ்100. இசட்5.' என்று. ஜி00 என்றால் ரேப்பிட்டில் போ, எக்ஸ் என்பது விட்டம், இசட் என்பது ஜாபின் நீளவாக்கு. அவன் கையில் இருந்தது ஜெராக்ஸுக்கு எடுத்த ஜெராக்ஸ். எண்ணுக்குப் பின்னால் இருந்த புள்ளி அதில் மங்கி மறைந்து போயிருந்தது.

எங்கள் மெஷினில் கட்டளையைப் படித்து இயக்கும் பெட்டி ஃபானுக் கம்பெனியின் கண்ட்ரோலர். அதில் இருந்த செட்டிங்கின்படி, புள்ளி இல்லாத எண்ணை அது மைக்ரான் (0.001 மி.மீ.) கணக்கில் எடுத்துக்கொள்ளும். எக்ஸ்100. என்றால் 100 மில்லிமீட்டர் விட்டம். புள்ளியை விட்டுவிட்டால் 0.1 மில்லிமீட்டர், அதாவது ஜாபின் நட்ட நடு மையம். மெஷினைப் பொறுத்தவரை 0.1 என்பதும் முறையான ஒரு இடம்தான். அதனால் அலாரம் எதுவும் அடிக்கவில்லை, சொன்ன இடத்துக்குப் போனது.

அன்று ராத்திரியே அந்த 14 பக்கத்தையும் திரும்ப எழுத ஆரம்பித்தேன். இன்று வரை எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன். இப்போது வெவ்வேறு பட்டறைகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்கிறேன். போகிற இடமெல்லாம் அங்கிருக்கும் குறிப்புகளையும் திருத்திக் கொடுக்கிறேன். ஜி-கோடு மாதிரி ஒரே வேலைக்கென்று பிறந்த மொழியை முதன்முதலாகக் கற்கிறவருக்கு எப்படிக் குறிப்பு எழுதுவது என்பதில் எனக்குப் பிடிபட்டதை இங்கே சொல்கிறேன். கோடுகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். மெஷின் திரையில் அவை ஆங்கில எழுத்தாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

முதலில் அந்தப் புள்ளி. 100. என்று எழுதுவதை விட்டுவிட்டு 100.0 என்று எழுத ஆரம்பித்தேன். புள்ளி மங்கினாலும் 100-க்கும் 0-க்கும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும், படிக்கிறவன் ஒரு நொடி நின்று கேட்பான். எழுத்தின் அளவைப் பெரிதாக்கினேன். ஜெராக்ஸ் எடுப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டரில் இருந்தே பிரின்ட் எடுக்கச் சொன்னேன். குறிப்பு எப்படி அச்சாகிறது, யார் கையில் எந்த நிலையில் போய்ச் சேர்கிறது என்பதும் எழுதுகிறவரின் பொறுப்புதான். எண்ணெய் படிந்த விரல், மங்கலான டியூப்லைட், கூலன்ட் தெறித்த தாள், இவற்றுக்கு நடுவில்தான் நம் எழுத்து படிக்கப்படுகிறது.

கம்பெனி மேனுவல் இருக்கும்போது எதற்குத் தனிக் குறிப்பு?

இந்தக் கேள்வியை எல்லாப் பட்டறையிலும் கேட்கிறார்கள். கண்ட்ரோலர் செய்தவர்கள் கொடுக்கும் மேனுவல் பல நூறு பக்கம் இருக்கும். மெஷின் செய்தவர்கள் கொடுப்பது இன்னொன்று. இரண்டிலும் தகவல் சரியாக இருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் அவை ஏற்கெனவே தெரிந்தவர் சந்தேகம் தீர்த்துக்கொள்ள எழுதப்பட்டவை. ஜி00, ஜி01, ஜி02 என்று எண் வரிசையில் போகும். புதுப் பையனுக்கு அந்த வரிசையால் பயன் இல்லை. ஜி04-க்கு முன்னாலேயே அவனுக்கு ஜி28 தேவைப்படும். ஜி96-ஐ முதல் நாளே தொட்டாக வேண்டும். ஜி10 அவனுக்கு ஒரு வருடத்துக்குத் தேவைப்படாது.

ஆகவே வரிசையை வேலையில் இருந்து எடுங்கள். என் குறிப்பின் முதல் இரண்டு பக்கத்தில் ஒரு கோடுகூடக் கிடையாது. மெஷினை ஆன் செய்வது, டூலை அதன் தொடக்க இடமான ஹோமுக்குக் கொண்டுபோவது, ஹேண்ட்வீலால் எக்ஸ், இசட் அச்சுகளை நகர்த்துவது, எமர்ஜென்சி பட்டன் எங்கே இருக்கிறது என்பது, அவ்வளவுதான். மூன்றாம் பக்கத்தில் ஒரு முழு புரோகிராம். 50 மி.மீ. ராடில் முகம் தட்டி (முன்பக்கத்தைச் சமமாகச் சீவி), 30 மி.மீ. நீளத்துக்கு 46 மி.மீ. ஆக டர்னிங் செய்யும் புரோகிராம். அதற்கு மேல் எதுவும் இல்லை.

ஓ0001
ஜி28 யூ0 டபிள்யூ0
டி0101
ஜி50 எஸ்2000
ஜி96 எஸ்150 எம்03
ஜி99 ஜி00 எக்ஸ்54.0 இசட்2.0 எம்08
ஜி00 இசட்0.0
ஜி01 எக்ஸ்-1.6 எஃப்0.15
ஜி00 இசட்2.0
ஜி00 எக்ஸ்46.0
ஜி01 இசட்-30.0 எஃப்0.2
ஜி01 எக்ஸ்54.0
ஜி00 இசட்2.0 எம்09
ஜி28 யூ0 டபிள்யூ0
எம்30

பதினைந்து வரிதான். முதல் நாளே இதை அடித்து, சிங்கிள் பிளாக்கில் ஒவ்வொரு வரியாக ஓட்டி, கையில் ஒரு ஜாபை எடுத்துவிட வேண்டும். கோடு பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்து, ஒரு மாதம் கழித்து மெஷினைத் தொட விட்ட பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு மாதத்தில் பையனுக்குப் பயம்தான் வளர்கிறது.

இந்தப் புரோகிராமுக்குப் பக்கத்தில் மூன்று கட்டம் போடுகிறேன். முதல் கட்டத்தில் வரி. இரண்டாவதில், அந்த வரிக்கு மெஷின் கண்ணுக்குத் தெரிய என்ன செய்யும். மூன்றாவதில், அந்த வரி இல்லாவிட்டால் என்ன ஆகும். இந்த மூன்றாவது கட்டம்தான் என் குறிப்பின் உயிர் என்று நினைக்கிறேன். மேனுவல்கள் முதல் இரண்டையும் சொல்லிவிடும், மூன்றாவதைச் சொல்வதில்லை.

ஜி50 எஸ்2000 என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். "ஸ்பிண்டிலின் உச்ச வேகத்தை வரையறுக்கும்" என்று எழுதினால் அதில் தப்பு இல்லை. ஆனால் புதியவன் அதைப் படித்துவிட்டு, இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஓடும் என்றுதான் நினைப்பான். நான் இப்படி எழுதுகிறேன்: அடுத்த வரியில் ஜி96 எஸ்150 இருக்கிறது. டூல் வெட்டும் இடத்தில் நிமிடத்துக்கு 150 மீட்டர் வேகத்தை மாறாமல் வைத்துக்கொள் என்பது அதன் பொருள். விட்டம் குறையக் குறைய மெஷின் சுற்றைக் கூட்டிக்கொண்டே போகும். 50 மி.மீ. விட்டத்தில் 955 சுற்று. 25-ல் 1910. 10-ல் 4775. 5-ல் ஏறக்குறைய 9550. முகம் தட்டும்போது டூல் மையம் வரை போகிறதே, அப்போது சுற்றுக்கு எல்லையே இருக்காது, மெஷினால் முடிந்த உச்சத்துக்குப் போய்விடும். அந்த வேகத்தில் சக்கின் தாடைகள் வெளிப்பக்கம் இழுக்கப்பட்டு, ஜாபைப் பிடிக்கும் பிடி தளரும். ஜாப் தெறிக்கும். ஜி50 எஸ்2000 இருந்தால், ஏறக்குறைய 24 மி.மீ. விட்டத்துக்கு உள்ளே வந்ததும் சுற்று 2000-லேயே நின்றுவிடும். இதைப் படித்த பிறகு எவனும் அந்த வரியை விடமாட்டான்.

எக்ஸ்-1.6 என்பதும் அப்படித்தான். எல்லாப் பையன்களும் அங்கே நிற்பார்கள். "மையம்னா ஜீரோதானுங்க, எதுக்குங்க மைனஸ்ல போகுது?" நியாயமான கேள்வி. இன்செர்ட்டின் மூக்கு 0.8 மி.மீ. ஆரத்தில் உருண்டையாக இருக்கிறது. எக்ஸ் பூஜ்யத்தில் நிறுத்தினால் மையத்தில் ஒரு சின்னக் காம்பு வெட்டுப்படாமல் நிற்கும். மூக்கு முழுவதும் மையத்தைத் தாண்ட வேண்டும் என்றால் 0.8 மி.மீ. கூடப் போக வேண்டும். எக்ஸ் என்பது விட்டக் கணக்கு, ஆகவே அதை 1.6 என்று எழுதுகிறோம். இந்த ஒரு விளக்கத்துக்குள் மூக்கு ஆரம், விட்டக் கணக்கு இரண்டும் புரிந்துவிடுகிறது. இதற்காகத் தனியாக ஒரு பாடம் எழுத வேண்டியதில்லை.

விரல் எங்கே நிற்கிறது

குறிப்பை எழுதி முடித்ததும் அது நன்றாக இருப்பதாகத்தான் நமக்குத் தோன்றும். நம் மனதில் ஏற்கெனவே விஷயம் இருப்பதால், தாளில் இல்லாததையும் நாம் சேர்த்துப் படித்துவிடுகிறோம். இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, புதிதாக வந்த ஒருவரிடம் தாளைக் கொடுத்துவிட்டு, பின்னால் அரை மணி நேரம் பேசாமல் நிற்பது. பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். வாய் துறுதுறுக்கும். "அந்தப் பட்டன் தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், குறிப்பில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பது மறைந்துவிடும். மெஷின் லாக்கைப் போட்டுவிட்டு நில்லுங்கள், அச்சு நகராது, ஆபத்து இல்லை. கையில் ஒரு பென்சில், குறிப்பின் இன்னொரு பிரதி. பையனின் விரல் எந்த வரியில் நிற்கிறதோ அங்கே ஒரு கோடு.

முதல் தடவை இப்படி நின்றபோது, முதல் வரியிலேயே விரல் நின்றுவிட்டது. புரோகிராம் எண்ணின் தொடக்கத்தில் வருவது ஓ என்ற எழுத்து, பூஜ்யம் கிடையாது. தாளில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. கீபோர்டில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டை. அவன் பூஜ்யத்தை அழுத்தினான், மெஷின் ஏற்கவில்லை, மறுபடியும் அழுத்தினான். எனக்கு அது பல வருடப் பழக்கம், அதில் ஒரு குழப்பம் வரும் என்றே தோன்றியிருக்கவில்லை. இப்போது அந்த வரிக்கு அடியில், 'முதலில் வருவது ஓ எழுத்து, பிறகு மூன்று பூஜ்யம், ஒரு ஒன்று' என்று இருக்கிறது.

அடுத்து இன்புட், இன்செர்ட் என்ற இரண்டு கட்டைகள். புரோகிராமில் வரி சேர்க்க இன்செர்ட். டூலின் அளவுத் திருத்தம் இருக்கும் ஆஃப்செட் பக்கத்தில் எண் போட இன்புட். பெயர் வேறு கிட்டத்தட்ட ஒன்று. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அழுத்த வேண்டிய ஈ.ஓ.பி. கட்டையை நான் சொல்லவே இல்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது.

அப்புறம் ஆஃப்செட் பக்கத்தில் இருக்கும் இன்புட், பிளஸ் இன்புட். இது பணத்தைத் தின்னும் இடம். ஜாப் 40.00 வர வேண்டும், 40.04 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டூலின் தேய்மானத்தைச் சரிக்கட்டும் 'வேர்' (wear) பக்கத்தில் அந்த டூலின் எக்ஸில் -0.04 போட வேண்டும். அங்கே ஏற்கெனவே -0.10 இருந்தால் பிளஸ் இன்புட் அழுத்தினால் -0.14 ஆகும். வெறும் இன்புட் அழுத்தினால் பழையதை அழித்துவிட்டு -0.04 என்று உட்காரும். ஜாப் குறைவதற்குப் பதில் இன்னும் 0.06 கூடிவிடும். நான் முதலில் எழுதியிருந்தது "ஆஃப்செட்டில் திருத்தம் கொடுக்கவும்" என்ற ஒரே வரி. இப்போது அதற்கு முழுசாக ஒரு பக்கம் இருக்கிறது. அழுத்துவதற்கு முன் திரை எப்படி இருக்கும், அழுத்திய பின் எப்படி மாறும் என்று இரண்டு படம். கீழே ஒரு பழக்கமும் எழுதியிருக்கிறேன்: அழுத்துவதற்கு முன், வரப்போகும் எண்ணை வாய்விட்டுச் சொல்.

மூன்று பேரை இப்படி நிற்க வைத்துப் பார்த்தால் பெரும்பாலான ஓட்டைகள் தெரிந்துவிடுகின்றன. நான்காவது ஆளிடம் புதிதாகக் கிடைப்பது குறைவு. ஒருவரே இரண்டு தடவை உதவமாட்டார், முதல் தடவையிலேயே அவர் பழகிவிடுவார். அதனால் புதிதாக ஒருவர் சேரும் நாளை வீணாக்காதீர்கள். தெரியாத கண்ணோடு அவர் இருப்பது அந்த ஒரு நாள்தான்.

ஒரே எழுத்து, மூன்று பொருள்

சின்ன மொழிகளுக்கு ஒரு குணம் உண்டு. எழுத்துகள் குறைவு, வேலைகள் அதிகம். ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு பொருள் கொள்ளும். லேத்தில், அதிகப்படி உலோகத்தைப் பல வெட்டாகச் சீவி எடுக்கும் ரஃபிங் சைக்கிளைப் பாருங்கள்.

ஜி71 யூ2.0 ஆர்0.5
ஜி71 பி10 க்யூ20 யூ0.4 டபிள்யூ0.1 எஃப்0.25

முதல் வரியில் யூ என்பது ஒரு வெட்டுக்கு எவ்வளவு ஆழம் என்பது, அதுவும் ஒரு பக்கக் கணக்கு, 2 மி.மீ. போட்டால் விட்டத்தில் 4 குறையும். அடுத்த வரியில் அதே யூ, ஃபினிஷிங்குக்கு எவ்வளவு மிச்சம் வைப்பது என்பது, இது விட்டக் கணக்கு. இதே பக்கத்தின் மேலே ஜி28 யூ0 என்று ஒன்று பார்த்தானே, அங்கே யூ என்றால் இப்போது இருக்கும் இடத்தில் இருந்து எக்ஸில் எவ்வளவு நகர வேண்டும் என்பது. "அக்கா, இதுல யூ ரெண்டு தடவ வருதுங்க, எது சரிங்க?" என்று ஒருத்தன் கேட்டான். அச்சுப் பிழை என்று நினைத்து ஒன்றைப் பேனாவால் அடித்தும் வைத்திருந்தான்.

இந்த மாதிரி இடத்தில் விளக்கத்தை வேறு பக்கத்துக்குத் தள்ளக் கூடாது. குழப்பம் எங்கே வருகிறதோ அங்கேயே, அந்த எழுத்துக்கு நேர் கீழே எழுத வேண்டும். "இந்த யூவும் மேலே உள்ள யூவும் வேறு வேறு. இரண்டும் இருக்க வேண்டும், அச்சுப் பிழை இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். முதலில் வண்ணப் பேனாவால் வேறுபடுத்திக் காட்டியிருந்தேன். கறுப்பு வெள்ளை பிரின்டரில் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது. இப்போது ஒன்றுக்கு ஒற்றை அடிக்கோடு, இன்னொன்றுக்கு இரட்டை அடிக்கோடு.

மரை வெட்டும் ஜி76-ல் வேறு மாதிரிச் சிக்கல். எம்20, 1.5 பிட்ச் மரைக்கு இரண்டாவது வரி இப்படி வரும்: ஜி76 எக்ஸ்18.16 இசட்-25.0 பி920 க்யூ300 எஃப்1.5. இங்கே பி என்பது மரையின் உயரம், க்யூ என்பது முதல் வெட்டின் ஆழம், இரண்டுமே மைக்ரானில், புள்ளி கூடாது. புள்ளி வைக்காதே என்று மெஷினே அலாரம் கொடுக்கும். அந்த விபத்துக்கு அப்புறம் "எண் என்றால் புள்ளி, புள்ளி இல்லாமல் எண்ணே கிடையாது" என்று நான் அவ்வளவு அழுத்தி எழுதியிருந்தேன், பையன்கள் பி920.0 என்று அடித்துவிட்டு அலாரத்தைப் பார்த்துத் திகைத்தார்கள். விதியைச் சொல்லும்போதே விலக்கையும் அதே இடத்தில் சொல்லிவிட வேண்டும் என்பதை அங்கே கற்றேன். "எக்ஸ், இசட், யூ, டபிள்யூ, எஃப், ஆர் ஆகியவற்றுக்குப் புள்ளி வை. பி, க்யூவுக்கு வைக்காதே" என்று இப்போது இருக்கிறது.

எந்த மெஷினுக்கு எழுதியது என்று தலையில் போடுங்கள்

ஒரு பையன் ராத்திரி முழுக்க போனில் வீடியோ பார்த்துப் படித்துவிட்டு வந்தான். ஆர்வமான பையன். காலையில் புரோகிராமின் தொடக்கத்தில் ஜி90 போட்டிருந்தான். எதற்கு என்றேன். "அப்சல்யூட் மோடுங்க அக்கா" என்றான். மில்லிங் மெஷினில் அது உண்மை. எங்கள் லேத்தில், ஏ சிஸ்டம் என்று சொல்லும் ஜி-கோடு வரிசையில், ஜி90 ஒரு டர்னிங் சைக்கிள். ஜி92 மில்லிங்கில் ஆயத்தொலைவை நிறுவும், இங்கே மரை வெட்டும். ஜி98, ஜி99 மில்லிங்கில் டிரில்லிங் சைக்கிள் முடிந்ததும் டூல் எந்த உயரத்துக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்பவை, இங்கே ஃபீட் (டூல் வெட்டிக்கொண்டே நகரும் வேகம்) நிமிடக் கணக்கா சுற்றுக் கணக்கா என்று சொல்பவை. லேத்திலேயே பி சிஸ்டத்தில் ஃபீட்டுக்கு ஜி94, ஜி95 வரும். உச்ச சுற்றுக்கு ஜி50 இருக்காது, ஜி92 இருக்கும்.

ஏன் இப்படி என்று பையன்கள் கேட்பார்கள், சொல்வது நல்லது. எண்வழிக் கட்டுப்பாடு 1950-களில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் உருவெடுத்தது. கோடுகளுக்கு ஆர்.எஸ்.-274-டி என்ற தரம் 1980-ல் வந்தது, பிறகு ஐ.எஸ்.ஓ. 6983 உண்டு. ஆனால் தரத்திலேயே பல எண்களுக்கு வேலை ஒதுக்காமல் விட்டுவைத்தார்கள். கண்ட்ரோலர் செய்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் தேவைக்கு அவற்றை நிரப்பிக்கொண்டார்கள். எம் கோடுகளில் இது இன்னும் அதிகம். சக் திறப்பது, பார் ஃபீடர், டெயில்ஸ்டாக் எல்லாம் மெஷின் செய்தவர் வைத்ததுதான். புரோகிராம் ஃபைலின் தொடக்கத்திலும் முடிவிலும் நிற்கும் % குறிகூட, காகித நாடாவில் துளை போட்டுப் படித்த காலத்தில் நாடா எங்கே நிற்க வேண்டும் என்று காட்ட வைத்தது. இந்தக் கதையைக் குறிப்பில் அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். கதை தெரிந்தவன், வேறு மெஷினுக்குப் போனால் முதலில் அந்த மெஷினின் மேனுவலைக் கேட்கிறான்.

ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு பெட்டி: லேத்தா மில்லிங்கா, எந்தக் கண்ட்ரோலர், எந்த ஜி-கோடு சிஸ்டம், எந்த மெஷினில் ஓட்டிப் பார்த்தது, எந்தத் தேதியில். முதல் பக்கத்தில் மட்டும் போட்டால் போதாது. தாள்கள் பிரிந்துவிடும். நடுவில் ஒரு தாளை மட்டும் போனில் படம் எடுத்து இன்னொரு பட்டறைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தத் தாள் தனியாகப் போனாலும், தான் யாருக்கானது என்று அதுவே சொல்ல வேண்டும்.

சொற்கள்

தமிழில் எழுதுங்கள் என்று சொன்னால் சிலர் சுழல்தண்டு, ஊட்டு வீதம் என்று ஆரம்பிக்கிறார்கள். அந்தச் சொற்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பட்டறையில் ஸ்பிண்டில், ஃபீட், சக், கூலன்ட் என்றுதான் பேசுகிறோம், பட்டன் மேலும் அதுதான் எழுதியிருக்கிறது. பெயர்ச்சொல்லைப் பட்டறையில் இருந்து எடுத்துக்கொண்டு, வினைச்சொல்லைத் தமிழில் வையுங்கள். தமிழில் அதற்கு அருமையான சொற்கள் இருக்கின்றன: டூல் ஒதுங்கும், உரசும், முட்டும், தேய்க்கும், சீவும், தட்டும். "தொடர்பு ஏற்படலாம்" என்பதைவிட "உரசும்" என்ற சொல்லுக்குப் பையனின் கை சட்டென்று பின்வாங்கும்.

இப்போது கோவைப் பட்டறைகளில் பிகார், ஒடிசாவில் இருந்து வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் படங்களைக் கூட்டினேன். டூல் போகும் பாதையை அம்புக்குறியோடு வரைந்து, ரேப்பிட்டை விட்டு விட்டுப் போட்ட கோடாகவும் வெட்டை முழுக் கோடாகவும் காட்டினால், அதற்கு மொழியே தேவைப்படவில்லை. தமிழ்ப் பையன்களும் அந்தப் படத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

தப்பான வரியைக் காட்டலாமா

இதில் எனக்குத் திட்டமான கருத்து இருக்கிறது. காட்ட வேண்டும், ஆனால் குறுக்கே கோடு போட்டுக் காட்ட வேண்டும். ஜி28 எக்ஸ்0 இசட்0 என்ற வரி ஒரு உதாரணம். ஹோமுக்குப் போ என்று நினைத்து எழுதுவார்கள். அது முதலில் எக்ஸ் 0, இசட் 0 என்ற இடத்துக்குப் போய், அங்கிருந்துதான் ஹோமுக்குப் போகும். அந்த இடம் ஜாபின் முகத்தின் மையம். யூ0 டபிள்யூ0 என்று எழுதினால், இருக்கும் இடத்தில் இருந்தே நேராக ஹோமுக்குப் போகும். இந்த வித்தியாசத்தைச் சொல்லத் தப்பான வரியைக் காட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் புதியவர்கள் பார்த்ததை அப்படியே அடிப்பார்கள், மேலே "இது தவறு" என்று எழுதியிருப்பதைப் படிக்கமாட்டார்கள். அதனால் அந்த வரியின் குறுக்கே தடிமனான கோடு போட்டு, பக்கத்திலேயே ஜாபில் டூல் முட்டும் படத்தையும் போடுகிறேன்.

அலாரம் வராமல் நிற்கும்போது

அலாரப் பட்டியல் மேனுவலில் எண் வரிசையில் இருக்கிறது, அது போதும். ஆனால் புதியவனை அதிகம் பயமுறுத்துவது, அலாரம் எதுவும் இல்லாமல் மெஷின் சும்மா நிற்பது. சைக்கிள் ஸ்டார்ட் விளக்கு எரிகிறது, டூல் நகரவில்லை. இதற்கு எந்த மேனுவலிலும் நான் பக்கம் பார்த்ததில்லை. என் குறிப்பின் கடைசிப் பக்கம் இதற்குத்தான். ஃபீட் ஓவர்ரைடு நாப் பூஜ்யத்தில் இருக்கிறதா பார். சிங்கிள் பிளாக் போட்டிருக்கிறதா பார். கதவு முழுசாக மூடியிருக்கிறதா பார். ஸ்பிண்டில் சுற்றுகிறதா பார், ஏனென்றால் ஜி99-ல் ஃபீட் சுற்றுக் கணக்கு. ஸ்பிண்டில் சுற்றாவிட்டால் ஜி01 எவ்வளவு நேரமானாலும் நகராது. எம்03-ஐ விட்டுவிட்டவர்கள் எல்லாரும் இங்கேதான் வந்து நிற்பார்கள். இந்தப் பக்கத்தை லேமினேட் செய்து மெஷின் கதவிலேயே ஒட்டிவிடுங்கள். பதற்றத்தில் இருப்பவன் ஃபைலைத் தேட மாட்டான்.

இனி பராமரிப்பு. குறிப்பில் உள்ள ஒவ்வொரு புரோகிராமையும் குறிப்பில் இருந்தே பார்த்து அடித்து, மெஷினில் ஓட்டிப் பார்த்த பிறகே தேதி போடுங்கள். நினைவில் இருந்து எழுதியதை அப்படியே விட வேண்டாம். புதுப் பதிப்பு வந்ததும் பழைய தாள்களை எண்ணி வாங்கிக் கிழித்துவிடுங்கள். குறிப்புக்கு ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும், ஆனால் ஓரத்தில் எழுத எல்லாருக்கும் உரிமை வேண்டும். அதற்காகவே வலது பக்கம் இரண்டு அங்குலம் வெற்றிடம் விடுகிறேன். மாதம் ஒரு தடவை எல்லா மெஷினிலும் போய் அந்த ஓரங்களைப் படிக்கிறேன்.

அழுத பையன் அந்தப் பட்டறையிலேயே இருந்தான். இரண்டு வருடத்தில், மெஷினை வேலைக்குத் தயார் செய்து கொடுக்கும் செட்டர் ஆகிவிட்டான். போன வருடம் அவனுடைய மெஷினில் தொங்கிய குறிப்பை எடுத்துப் பார்த்தேன். டூல் செட்டிங் பக்கத்தின் ஓரத்தில், பால்பாயின்ட் பேனாவில் அவன் கையெழுத்து: 'டூல் தொட்டுப் பாக்கும்போது கால் சக் பெடல் மேல இருக்கக் கூடாது.' ஹைட்ராலிக் சக், கீழே பெடல். ஸ்பிண்டில் நிற்கும்போது தெரியாமல் மிதித்தால் சக் திறந்து ஜாப் நழுவும். திரையையும் கையையும் பற்றியே இத்தனை வருடம் எழுதியிருந்தேன், காலைப் பற்றி ஒரு வரி இல்லை. அவனைக் கூப்பிட்டு, பெடலின் படத்தை அவனையே வரையச் சொன்னேன். இப்போது இரண்டாம் பக்கத்தில், எமர்ஜென்சி பட்டனுக்கு அடுத்து அது இருக்கிறது.